சீட்டில் எழுதியிருப்பது எந்தச் சுகர்?

மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டர், குணமாகவில்லை என்றால் நெய்யாற்றின்கரை, அதற்கும் மேலே போனால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ். குமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்காரர்கள் களியக்காவிளை தாண்டி கேரளத்துக்குப் பஸ் ஏறுவது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. ஒவ்வொரு இடத்திலும் பழைய சீட்டைப் பார்த்துத்தான் புதுச் சீட்டு எழுதுவார்கள். முதல் வரியில் ‘கே/சி/ஓ டி2டிஎம்’ என்று இருக்கும். ஏற்கெனவே டைப் 2 சர்க்கரை என்று அறியப்பட்டவர் என்பதன் சுருக்கம் அது. அந்த ‘2’-ஐ முதலில் யார் போட்டார், எதைப் பார்த்துப் போட்டார் என்று பிறகு யாரும் கேட்பதில்லை. சீட்டிலிருந்து சீட்டுக்கு இறங்கிக்கொண்டே போகும்.

பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். சர்க்கரைக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் டைப் 2தான். மீதிப் பேருக்குத்தான் அந்த ஓர் இலக்கம் வருடக்கணக்கில் தப்பான மாத்திரையாக முடிகிறது. இந்த எல்லைப் பக்கத்தில் அந்த மீதியைக் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டியிருக்கிறது. காரணம் பின்னால் வரும்.

சர்க்கரை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, எந்தச் சர்க்கரை என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு எண்கள் உண்டு. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல். இதில் ஏதாவது ஒன்று போதும். ஆனால் தாகம், அடிக்கடி சிறுநீர், எடைக் குறைவு போன்ற தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு ரிசல்ட்டை வைத்து முடிவு கட்டக்கூடாது, இன்னொரு முறை பார்க்க வேண்டும். தொந்தரவு இருப்பவருக்கு எந்த நேரத்தில் எடுத்தாலும் 200 தாண்டினால் அது சர்க்கரைதான்.

எச்பிஏ1சி-யை மட்டும் கும்பிடுகிறவர்கள் ஒன்று கவனிக்கவும். அது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையின் அளவு. இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய் இருந்தாலோ சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ குறைத்துக் காட்டும். மீட்டரில் தினமும் 250 வருகிறவருக்கு எச்பிஏ1சி 6 என்று வந்தால் மீட்டரைத் திட்டுவதற்கு முன் ஹீமோகுளோபினைப் பாருங்கள்.

இந்த எண்கள் எதுவும் வகையைச் சொல்லாது. 400 என்றால் டைப் 1, 180 என்றால் டைப் 2 என்றெல்லாம் கிடையாது. ‘இன்சுலின் போடுகிறார், அப்படியானால் டைப் 1’ என்பதும் தப்பு. பத்துப் பதினைந்து வருடமான டைப் 2-க்கும் இன்சுலின் தேவைப்படலாம், அதனால் அது டைப் 1 ஆகிவிடாது. வகையை முடிவு செய்வது கணையத்தின் நிலைமை: இன்சுலின் சுரக்கிறதா, சுரப்பது உடம்பில் வேலை செய்கிறதா, சுரக்கவில்லை என்றால் ஏன்.

டைப் 2-இல் இன்சுலின் சுரக்கிறது, உடம்பு அதற்குச் செவி சாய்ப்பதில்லை. போகப்போக சுரப்பும் குறைகிறது. 2023-இல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வு நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 10.1 கோடி என்றது. கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம். நாலில் ஒருவர். எடை கூடினால்தான் வரும் என்ற நம்பிக்கை நம் உடம்புக்குப் பொருந்தாது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் நிற்பவர்களுக்கும் வரும். அதனால் தராசைவிட டேப்பை நம்பலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, துணிக்கு மேலே அல்லாமல் தோலின் மேலே, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் எச்சரிக்கை. டைப் 2-ஐப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இங்கே இவ்வளவு போதும்.

டைப் 1-இல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. இனிப்பு தின்றதால் வருவதில்லை, பெற்றோர் செய்த தவறும் இல்லை. குழந்தைகளிடம் அதிகம், ஆனால் எந்த வயதிலும் வரும். ஒரு மாதத்துக்குள் சட்டை தொளதொளக்கும். படுக்கையில் சிறுநீர் போவதை நிறுத்திவிட்ட பிள்ளை மறுபடி போக ஆரம்பிக்கும். ரத்தத்தில் 180-ஐத் தாண்டும்போதுதான் பொதுவாகச் சிறுநீரில் சர்க்கரை இறங்கும், பாத்ரூம் மூலையில் எறும்பு வருவது அப்போதுதான். இதையும் கவனிக்காமல் விட்டால் வாந்தி, வயிற்றுவலி, இழுத்து இழுத்து ஆழமாக மூச்சு, வாயில் அழுகிய பழ வாசனை. இது கீட்டோஅசிடோசிஸ், இன்சுலின் இல்லாமல் ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து. நடப்பது என்னவென்றால் வாந்தியும் வயிற்றுவலியும் பார்த்து ‘சாப்பாடு ஒத்துக்கவில்லை’ என்று ஒரு ஊசியோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வாந்தி எடுக்கும் பிள்ளை நிறையச் சிறுநீரும் கழித்தால் அங்கேயே விரலில் குத்திப் பாருங்கள். வயிற்றுப்போக்கில் தண்ணீர் வற்றிய பிள்ளைக்குச் சிறுநீர் குறையும், கூடாது.

டைப் 1-க்கு இன்சுலினைத் தவிர வேறு மருந்தில்லை. ‘பிள்ளை சாப்பிடவே இல்லை, அதனால் ஊசி போடவில்லை’ என்பதுதான் அதிகம் நடக்கிற தப்பு. காய்ச்சலும் வாந்தியும் இருக்கும் நாளில்தான் உடம்புக்கு இன்சுலின் கூடுதலாக வேண்டும். அளவு மாறலாம், முழுசாக நிறுத்தக்கூடாது. கசாயம் கொடுத்து ஊசியை நிறுத்தச் சொல்பவர் எந்தப் பெயர் பெற்றவராக இருந்தாலும் அந்த வீட்டுப் படி ஏறாதீர்கள்.

ஊசியைப் பற்றிச் சொல்லும்போது சிரிஞ்சைச் சொல்லாமல் விட முடியாது, பஸ்ஸில் வாங்கிப் போகிற ஊர்க்காரர்களுக்கு இது உயிர் விஷயம். குப்பியில் வருகிற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 20 யூனிட் போட வேண்டியவர் 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது வெறும் 8 யூனிட். சர்க்கரை ஏன் குறையவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். தலைகீழாக, 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடியில் 20 கோடு வரை இழுத்தால் போவது 50 யூனிட். ராத்திரி போட்டால் காலையில் எழுந்திருப்பாரா என்று சொல்ல முடியாது. கடைக்காரர் ‘இன்சுலின் சிரிஞ்சுதானே’ என்று எதையாவது எடுத்து நீட்டுவார். குப்பியின் லேபிளையும் மூடியின் நிறத்தையும் கடை வாசலிலேயே சேர்த்துப் பாருங்கள்.

கலங்கலாக இருக்கும் 30/70 இன்சுலினை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பத்திருபது முறை உருட்டிவிட்டு இழுக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்து அளவு தப்பும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் சின்ன மண்சட்டியைப் பெரிய மண்சட்டிக்குள் வைத்து இடையில் ஈர மணல் நிரப்பி, குப்பியை நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கலாம். பிரிட்ஜ் இருப்பவர்கள் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், உறைந்து உருகிய இன்சுலின் பார்க்க அப்படியே இருக்கலாம், ஆனால் வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

டைப் 1-க்கும் டைப் 2-க்கும் நடுவே ஒரு கள்ள வேடக்காரன் உண்டு, பெயர் லாடா. பெரியவர்களுக்கு மெதுவாக வருகிற டைப் 1 அது. முப்பத்தைந்து, நாற்பது வயதில் வரும். மாத்திரை ஆறு மாதம், ஒரு வருடம் கேட்கும். பிறகு மாத்திரை ஒன்று இரண்டாகி, மூன்றாகி, எதுவும் பிடிக்காமல் எடை இறங்கும். ‘பத்தியம் இல்லை, கள்ளத்தனமாகச் சாப்பிடுகிறார்’ என்று பழி சாப்பாட்டின் மேல் விழும். ஜிஏடி-65 என்ற எதிர்ப்பொருள் டெஸ்ட் ஒன்று எடுத்தால் விஷயம் வெளியே வந்துவிடும்.

இனி, முதலில் சொன்ன காரணம்.

ஒல்லியான உடம்பு. சின்ன வயதிலிருந்தே விட்டு விட்டு வருகிற வயிற்றுவலி, நெஞ்சுக்குழிக்குக் கீழே தொடங்கி முதுகுக்கு ஊடுருவும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். ‘கேஸ்’ என்று பல வருடம் மாத்திரை தின்றிருப்பார். இருபது, இருபத்தைந்து வயதில் சர்க்கரை. மலம் வெளிறி, பிசுபிசுப்பாக மிதக்கும், தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் தெரியும், ஒரு வாளி ஊற்றினாலும் பீங்கானை விட்டுப் போகாது. சர்க்கரை 400, 500 இருந்தாலும் கீட்டோஅசிடோசிஸ் அரிதாகவே வரும். இது கணையத்தில் கல் சேர்ந்து, கணையம் சுருங்கி நாராகி வருகிற சர்க்கரை. டாக்டர்கள் எஃப்சிபிடி என்பார்கள். கணையம் கெட்டு வரும் சர்க்கரை எல்லாவற்றுக்கும் பொதுவாக டைப் 3சி என்ற பெயரும் உண்டு. உலகத்தில் இந்த நோயை அதிகம் கண்டு எழுதிய இடங்களில் கேரளம் முக்கியமானது. 1960-களில் டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் இங்கே பெரிய எண்ணிக்கையில் நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்தார். பிள்ளைப் பருவத்தில் வலி, வாலிபத்தில் சர்க்கரை, நடுவயதைப் பார்க்காமல் சாவு என்பதாக அன்றைய போக்கு இருந்தது. இன்று கவனித்தால் ஆயுள் நீள்கிறது. விளவங்கோடும் கல்குளமும் முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தவை, தீனியும் ஒன்று, சம்பந்தமும் ஒன்று. மாநிலம் மாறியதால் கணையம் மாறிவிடாது.

பழி முதலில் மரச்சீனிக் கிழங்கின் மேல் விழுந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரப்பிய கிழங்கு, பர்மா அரிசி நின்றுபோன இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஏழைகளின் முழுச் சாப்பாடானது. கிழங்கில் லினமரின் என்ற பொருள் உண்டு, அதிலிருந்து சயனைடு உருவாகும், புரதம் குறைந்த உடம்பு அதை முறிக்கத் திணறும், கணையம் கெடும் என்று ஒரு கருதுகோள் எழுந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, நிரூபணமாகவில்லை. கிழங்கே தின்னாத ஊர்களிலும் இந்த நோய் இருக்கிறது, காலம் காலமாகத் தின்ற பெரும்பாலானவர்களுக்கு வரவும் இல்லை. ஸ்பிங்க்-1 என்ற மரபணுவின் மாற்றம் இந்த நோயாளிகள் பலரிடம் காணப்படுகிறது. ஆகவே கிழங்கைத் தின்றதால் கணையம் போச்சு என்று யாரையும் பயமுறுத்த வேண்டாம். அவித்த முதல் தண்ணீரை ஊற்றிவிடுகிற நம்மூர்ப் பழக்கம் நல்ல பழக்கம், அதைத் தொடருங்கள்.

கணைய விஷயத்தில் குற்றம் நிரூபணமாகவில்லை என்றாலும் சர்க்கரைக் கணக்கில் கிழங்கு தப்பாது. அவித்த கிழங்கு 100 கிராமில் மாவுச்சத்து 30 கிராமுக்கு மேல், அதே எடைச் சோற்றைவிடக் கூடுதல். மீன்கறி ஊற்றிய ஒரு தட்டு 300 கிராம் வரும். எந்த டைப்பாக இருந்தாலும் 90 கிராம் மாவு ஒரே அமர்வில் உள்ளே போனால் மீட்டர் சொல்லிவிடும்.

கணையக் கல்லைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் தேவையில்லை. வயிற்றுக்குச் சாதாரண எக்ஸ்ரே எடுத்தால் முதல், இரண்டாம் இடுப்பு முதுகெலும்புப் பக்கம் வெள்ளை வெள்ளையாகக் கற்கள் தெரியும். அல்ட்ராசவுண்டில் கல்லோடு வீங்கிய கணையக் குழாயும் தெரியும். சந்தேகம் இருந்தால் சி.டி. செரிமான நீர் குறைந்துவிட்டதா என்பதற்கு மலத்தில் எலாஸ்டேஸ் டெஸ்ட், ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு.

வைத்தியத்தில் இடறுகிற இடங்கள் மூன்று. முதலாவது, செரிமான நொதி கேப்ஸ்யூல். அதைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் வெறும் வயிற்றில் விழுங்கினால் காசு வீண், சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபின் விழுங்கினாலும் பாதி வீண். முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் ஒன்று என்று சோற்றோடு சேர்ந்து போக வேண்டும். பெரிய சாப்பாட்டுக்கு 25,000 முதல் 40,000 யூனிட் லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் நொதி) என்று தொடங்குவார்கள். இரண்டாவது, நொதி பிடித்ததும் இதுவரை மலத்தோடு போய்க்கொண்டிருந்த சாப்பாடு உடம்பில் சேரும், சர்க்கரை ஏறும். ‘இந்தக் கேப்ஸ்யூல் சர்க்கரையைக் கூட்டுகிறது’ என்று நிறுத்திவிடுகிறார்கள். கேப்ஸ்யூல் தன் வேலையைத்தான் செய்கிறது, கூட்ட வேண்டியது இன்சுலினை. மூன்றாவதுதான் ஆபத்தானது. கெட்ட கணையத்தில் இன்சுலினோடு குளுக்ககானும் குறைகிறது. சர்க்கரை தாழ்ந்தால் தூக்கிவிட வேண்டிய ஹார்மோன் அது. ஆகவே இவர்களுக்குத் தாழ்சர்க்கரை சட்டென்று வரும், தானாக ஏறாது. விடியற்காலை வெறும் கட்டன் சாயாவோடு ரப்பர் பால் வெட்டப் போகிறவர் இந்த வகை என்றால், ராத்திரி இன்சுலினை அந்த வேலை நேரத்தைச் சொல்லித்தான் டாக்டரிடம் நிர்ணயிக்க வேண்டும். இடுப்பில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு, சரியானபின் ஒரு வேளைச் சாப்பாடு.

குடியும் புகையும் இவர்களுக்குக் கூடவே கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வெகுகாலம் கல்லோடு இருந்த கணையத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தும் எடை திடீரென்று இறங்கினாலோ கண் மஞ்சளானாலோ சும்மா இருக்காமல் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

டைப் 5 என்று இப்போது காதில் விழுகிறதே, அது புதிய நோய் இல்லை. சிறுவயதில் ஊட்டமில்லாமல் வளர்ந்தவர்களுக்கு வருகிற சர்க்கரையை 1985-இல் உலக சுகாதார நிறுவனம் தனி வகையாக வைத்தது, 1999-இல் எடுத்துவிட்டது, 2025-இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு டைப் 5 என்று பெயர் கொடுத்துத் திரும்ப ஏற்றுக்கொண்டது. வேலூர் சிஎம்சி மருத்துவர்களின் ஆய்வுக்கு இதில் பங்குண்டு. ஒல்லி, இளவயது, எதிர்ப்பொருள் இல்லை, கணையத்தில் கல்லும் இல்லை, சுரப்பு மட்டும் குறைவு. ஒல்லியாக இருப்பவருக்கு ‘சோறு குறை’ என்று பத்தியம் எழுதுவது எவ்வளவு கொடுமை என்பதை இந்த வகை காட்டுகிறது. இவருக்கு வேண்டியது புரதமும் போதுமான தீனியும்.

மூன்று தலைமுறை, இருபத்தைந்து வயதுக்குள், பருமன் இல்லாமல் வந்தால் மோடி என்ற ஒற்றை மரபணுச் சர்க்கரையை யோசிக்க வேண்டும். சிரிக்காதீர்கள், பெயர் அதுதான். இதில் எச்என்எஃப்-1ஏ என்ற மரபணு கெட்ட வகைக்கு, கணையத்தைச் சுரக்கத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரை குறைந்த அளவிலேயே நன்றாகக் கேட்கும், டைப் 1 என்று நினைத்து இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர் மாத்திரைக்கு மாற வழியுண்டு. ஆனால் ஜீன் ரிப்போர்ட் கையில் வராமல் யாரும் ஊசியை நிறுத்தி சோதிக்கக்கூடாது. பிறந்து ஆறு மாதத்துக்குள் வரும் சர்க்கரைக்கும் ஜீன் டெஸ்ட் கட்டாயம்.

ஆஸ்துமாவுக்கும் மூட்டுக்கும் ஸ்டீராய்டு தின்பவர்களுக்கு வெறும் வயிற்றில் 95 காட்டும், மத்தியானச் சோற்றுக்குப் பின் 280 காட்டும். காலையில் மட்டும் டெஸ்ட் எடுத்தால் அகப்படாது. சர்க்கரை ஏறுகிறதே என்று ஸ்டீராய்டைப் பட்டென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

கர்ப்பகாலச் சர்க்கரைக்குச் சென்னை டாக்டர் வி. சேஷய்யா வகுத்த எளிய முறைதான் நாடு முழுக்க நடப்பில் இருக்கிறது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும், 2 மணி நேரத்தில் 140 அல்லது அதற்கு மேல் என்றால் இருக்கிறது. குடித்த அரைமணிக்குள் வாந்தியெடுத்தால் அன்று கணக்கில்லை, மறுநாள் திரும்ப. முதல் தடவை போகும்போதே ஒன்று, 24 முதல் 28 வாரத்தில் இன்னொன்று. முதலில் சரியாக இருந்தது என்று இரண்டாவதை விடுவது ஒரு தப்பு, பிரசவத்துக்குப் பின் 6 வாரத்தில் மறுபடி பார்க்காமல் விடுவது அதைவிடப் பெரிய தப்பு. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போய் மாநிலம் மாறுகிறவர்களிடம் இந்த மூன்றாவது டெஸ்ட்தான் எப்போதும் தொலைந்துபோகிறது.

சரி, சந்தேகம் வந்தால் டாக்டரிடம் எதைக் கேட்பது? சி-பெப்டைடு. இன்சுலின் உருவாகும்போது கூடவே வெளிவரும் துண்டு அது, ஊசி இன்சுலினில் கிடையாது, அதனால் ஊசி போடுகிறவருக்கும் சொந்தச் சுரப்பை அளக்கலாம். மில்லிக்கு 0.6 நானோகிராமுக்குக் கீழே என்றால் சுரப்பு கிட்டத்தட்ட இல்லை, 1.8-க்கு மேல் என்றால் டைப் 2 பக்கம் சாய்கிறது. அதே குத்தில் குளுக்கோஸும் பார்க்க வேண்டும், சர்க்கரை தாழ்ந்திருக்கும் நேரத்தில் எடுத்த சி-பெப்டைடு இயல்பாகவே குறைந்திருக்கும். கீட்டோஅசிடோசிஸிலிருந்து மீண்ட கையோடு எடுத்தாலும் ஏமாற்றும், இரண்டு வாரமாவது போகட்டும். அதோடு ஜிஏடி-65, வயிற்று ஸ்கேன். ஒல்லியான, இளவயதுச் சர்க்கரைக்காரருக்கு இந்த மூன்றும் எடுக்காமல் ‘டி2’ போடுவது, நம் அபிப்பிராயத்தில், சோம்பல்.

இத்தனை அலசல் எதற்கு, எப்படியும் சர்க்கரையைக் குறைத்தால் போதாதா என்பவர்களுக்கு ஒரே ஓர் உதாரணம். டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக இறக்கும். இதயமும் சிறுநீரகமும் பலவீனமான டைப் 2-க்கு அருமையான மருந்து. அதே மாத்திரையை, உள்ளே இன்சுலினே இல்லாத, டைப் 2 என்று தப்பாக எழுதப்பட்ட ஒல்லி மனிதருக்குக் கொடுத்தால் இருக்கிற எடையும் போகும், மீட்டரில் 180 மட்டும் காட்டிக்கொண்டே கீட்டோஅசிடோசிஸில் விழுவார். மீட்டர் நல்லபடி காட்டுவதால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். சரியான டைப் 2-காரரும் ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்னதாக இதை நிறுத்த வேண்டும், வாந்தியெடுத்துச் சாப்பாடு இறங்காத நாளிலும் நிறுத்த வேண்டும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கே மாத்திரை வருகிறவர்கள் பழைய அட்டையை மாற்றும்போது, சர்க்கரை வந்த வயதையும் அன்றைய எடையையும் மேலே எழுதச் சொல்லுங்கள். எல்லை தாண்டிப் போகும்போது பையில் இருக்க வேண்டியவை: சி-பெப்டைடு ரிப்போர்ட், எடுத்த தேதியோடும் அன்றைய குளுக்கோஸோடும், ஸ்கேன் ரிப்போர்ட், அதில் ‘கணையம்’ என்ற வரி காலியாக இல்லாமல், இன்சுலின் போடுகிறவர் என்றால் காலிக் குப்பியின் லேபிள், 40-ஆ 100-ஆ என்று தெரிய. கணையத்தை வாயு மறைத்துவிட்டது என்று ஸ்கேனில் எழுதியிருந்தால் அது ‘கல் இல்லை’ என்று அர்த்தமாகாது. வெறும் வயிற்றோடு போய்த் திரும்ப எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு எக்ஸ்ரேயாவது.